தோளுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே ஓர் அங்குலம்

லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு வின்செஸ்டர் என்ற பெயரைப் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மஞ்சள் சட்டை போட்ட டெக்ஸ் வில்லர் குதிரையில் போகிற போக்கிலேயே துப்பாக்கியின் அடியில் இருக்கும் இரும்பு வளையத்தை முன்னால் தள்ளுவார், பின்னால் இழுப்பார், டுமீல்! மறுபடி தள்ளுவார், இழுப்பார், டுமீல்! ஒரு பக்கத்துக்குக் குறைந்தது நாலு பேர் காலி. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறீர்களா? இத்தனை வருடத்தில் இரவுக் கழுகார் ஒரு தடவைகூட தன் தோளைத் தடவிவிட்டுக் கொண்டதில்லை.

என் அப்பா தடவிக் கொண்டிருக்கிறார். காலேஜில் என்.சி.சி.யில் இருந்தபோது .303 துப்பாக்கியால் ஐந்து ரவுண்டு சுட்டாராம். அதன் பின்பக்கம் பித்தளைத் தகடு. அந்த நீலம் மறைய ஒரு வாரம் ஆனது என்று இன்றைக்கும் சொல்லுவார். எந்தக் கல்யாண வீட்டிலும் அந்தக் கதை ஒரு முறை வந்துவிடும்.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அப்பா அல்ல, சித்தப்பா. அவர் டெக்சாஸில் வேலை பார்க்கிறார். போன மாதம் போனில் பேசும்போது தன் அலுவலக நண்பர் ஒருவரின் பிரச்சினையைச் சொன்னார். அந்த நண்பருடைய தாத்தா மான் வேட்டைக்கு வைத்திருந்த வின்செஸ்டர் 94 துப்பாக்கி குடும்பத்தில் இருக்கிறது. இப்போது அவருடைய பதிமூன்று வயது மகள் அதை வைத்துப் பழகுகிறாள். பழகுகிறாள் என்பதைவிடப் பயப்படுகிறாள் என்பதே சரி. விசையை அழுத்துவதற்கு முன்பே கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தோளைப் பின்னால் இழுத்துக்கொள்கிறாளாம். ஒருவர், "கட்டையில் ஓர் அங்குலம் அறுத்துவிட்டு ரப்பர் பேட் வைத்துவிடு" என்கிறார். இன்னொருவர், "தாத்தா துப்பாக்கியில் ரம்பம் வைத்தால் அவர் ஆவி சும்மா விடாது" என்கிறார். "நீதான் ஹிஸ்டரி ஹிஸ்டரி என்று எழுதுகிறாயே, இதற்கு ஏதாவது சொல்லேன்" என்றார் சித்தப்பா.

அதற்காகப் படிக்க ஆரம்பித்தது எங்கெங்கோ போய்விட்டது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரு சின்ன முன்குறிப்பு. நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்பது கதைகளில் மட்டும்தான். அமெரிக்காவில் அது உரிமமும் பருவமும் வரையறுக்கப்பட்ட, சட்டப்படியான ஒன்று. வேட்டை சரியா தப்பா என்ற பட்டிமன்றத்துக்கு நான் வரவில்லை. ஒரு பொருளின் வரலாறு மட்டும்தான் இங்கே.

உதை எங்கிருந்து வருகிறது?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் உந்த அழிவின்மை விதிக்கு வாத்தியார் சொல்லும் உதாரணம் ஞாபகம் இருக்கிறதா? துப்பாக்கிதான். குண்டு முன்னால் போனால் துப்பாக்கி பின்னால் வர வேண்டும். குண்டின் நிறையை வேகத்தால் பெருக்கி, அதோடு வெளியே பீறிடும் மருந்து வாயுவின் உந்தத்தையும் கூட்டி, துப்பாக்கியின் நிறையால் வகுத்தால் அது பின்னால் வரும் வேகம் கிடைத்துவிடும்.

வின்செஸ்டர் 94-ல் மிகப் பிரபலமான .30-30 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டு 170 கிரெய்ன், அதாவது 11 கிராம். வேகம் நொடிக்கு சுமார் 670 மீட்டர். மருந்து சுமார் 2 கிராம். துப்பாக்கி 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கணக்குப் போட்டால் துப்பாக்கி நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வருகிறது. ஆற்றல் சுமார் 15 ஜூல். ஒரு கிலோ அரிசிப் பையை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தோளில் போட்டால் எவ்வளவோ அவ்வளவு. கேட்க ஒன்றும் பெரிதாக இல்லையே என்று தோன்றும். ஆனால் அந்தப் பையின் அடியில் இரும்புத் தகடு கட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. ரப்பர் பேட் வைத்தால் அந்த 15 ஜூல் குறையாது. குறைப்பதாக நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் பேட் செய்வது இரண்டே வேலை. முதலாவது, நிற்பதற்கான தூரத்தைக் கூட்டுகிறது. 15 ஜூல் ஒரு சென்டிமீட்டரில் நிற்க வேண்டுமென்றால் சராசரி விசை 1500 நியூட்டன். இரண்டு சென்டிமீட்டரில் நின்றால் 750 தான். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுக்கிறோமே, அதே சமாசாரம். இரண்டாவது, அந்த விசையைப் பெரிய பரப்பில் பரப்புகிறது. விசை ஒன்றாகவே இருந்தாலும் பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். ஊசிக்கும் உள்ளங்கைக்கும் உள்ள வித்தியாசம்.

ஆக, துப்பாக்கியின் பின்பக்கம் என்ன வடிவம், என்ன பொருள் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு வரலாற்றுக்குள் போகலாம்.

பிறைநிலாத் தகடு

பழைய லீவர் துப்பாக்கிகளின் படத்தைப் பார்த்தால் கட்டையின் பின்பக்கம் பிறைநிலா மாதிரி உள்வாங்கி, மேலும் கீழும் கூராக நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் பித்தளையோ இரும்போ தகடாக அடித்திருப்பார்கள். இதைத் தோளில் வைத்துச் சுட்டால் அந்த இரண்டு கூர்முனையும் எங்கே குத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏன் இப்படி ஒரு வடிவத்தை வைத்தார்கள்? அந்தக் காலத்து ஆட்களுக்கு வலிக்காதா?

காரணம் இருக்கிறது. இந்த வடிவம் லீவர் துப்பாக்கிக்காகப் பிறந்ததே அல்ல. அதற்கும் முன்னால் அமெரிக்கக் காடுகளில் புழங்கிய நீளக்குழல் ரைஃபிள்களிடமிருந்து வந்த சொத்து. அவற்றின் குழல் கனம், குண்டு சிறிது, மருந்தும் குறைவு. உதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அவற்றைத் தோள் குழியில் வைப்பதில்லை. தோளுக்கு வெளியே, மேல்கையின் சதை மேல் அந்தப் பிறையைக் கவ்வ வைத்து நின்றபடி சுடுவார்கள். மேல்முனையும் கீழ்முனையும் கையைப் பிடித்துக்கொள்வதால் நீளமான கனத்த குழல் ஆடாமல் நிற்கும். அந்தத் துப்பாக்கிக்கு அது அருமையான ஏற்பாடு.

1860-ல் பெஞ்சமின் டைலர் ஹென்றி தன்னுடைய லீவர் ரைஃபிளுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் வேலை பார்த்த நியூ ஹேவன் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் முதலாளி ஆலிவர் வின்செஸ்டர். அடிப்படையில் சட்டை வியாபாரி! ஹென்றி துப்பாக்கியிலும் பித்தளைப் பிறைத்தகடுதான். அதனால் ஒரு கேடும் வரவில்லை. ஏனென்றால் அதன் .44 தோட்டா மிகச் சாது. 14 கிராம் குண்டு, இரண்டு கிராமுக்கும் குறைவான கரிமருந்து, நாலு கிலோவைத் தாண்டும் துப்பாக்கி. என் கணக்குப்படி உதை ஏறத்தாழ 4 ஜூல். குழந்தை தட்டுகிற மாதிரி.

1866-ல் 'மஞ்சள் பையன்' என்று செல்லப்பெயர் பெற்ற பித்தளை உடம்பு வின்செஸ்டர், 1873-ல் .44-40 தோட்டாவோடு இரும்பு உடம்பு வின்செஸ்டர். இரண்டிலும் அதே பிறைத்தகடு. உதை அப்போதும் 5 ஜூல் அளவில்தான். இதுவரை எல்லாம் சுகமே.

பத்து மடங்கு

சிக்கல் ஆரம்பித்தது பெரிய தோட்டாக்கள் வந்த பிறகு. அமெரிக்க ராணுவம் 1873-ல் ஏற்றுக்கொண்ட .45-70 தோட்டாவில் 405 கிரெய்ன் குண்டு, 70 கிரெய்ன் கரிமருந்து. குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கியில் இதைச் சுட்டால் உதை தாங்கவில்லை என்பதால் அவர்களுக்கு மட்டும் மருந்தை 55 கிரெய்னாகக் குறைத்துத் தனியாகத் தோட்டா செய்து கொடுத்தார்கள். ராணுவமே 'வலிக்கிறது' என்று எழுத்துபூர்வமாக ஒப்புக்கொண்ட மாதிரி!

அந்த .45-70 தோட்டாவைத் தாங்கும் வலுவான லீவர் துப்பாக்கியை ஜான் பிரௌனிங் வடிவமைக்க, வின்செஸ்டர் 1886-ல் வெளியிட்டது. உதை சுமார் 22 ஜூல். ஹென்றியைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். பின்பக்கம்? வழக்கமாக வருவது அதே பிறை. தட்டையான 'ஷாட்கன் பட்' வேண்டுமென்றால் தனியாக ஆர்டர் செய்யலாம்.

1894-ல் வந்த பிரௌனிங்கின் அடுத்த துப்பாக்கிதான் நம் கதாநாயகன், வின்செஸ்டர் 94. அடுத்த வருடமே புகையில்லா மருந்து போட்ட .30-30 தோட்டா அதற்கு வந்துவிட்டது. மருந்தின் எடை குறைந்தாலும் குண்டின் வேகம் எகிறியது.

1895-ல் இன்னொரு மாடல். குழலுக்குக் கீழே நீளக் குழாயில் தோட்டாக்களை வரிசையாக அடுக்காமல் நடுவில் பெட்டி மாதிரி மேகசின் வைத்தது. இதற்கு 1904-ல் .405 வின்செஸ்டர் என்ற தோட்டா வந்தது. 300 கிரெய்ன் குண்டு, நொடிக்கு 670 மீட்டர். கணக்குப் போட்டால் உதை 40 ஜூல்! ஹென்றியைப் போலப் பத்து மடங்கு. முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்கப் பயணத்துக்குப் போனபோது இந்தத் துப்பாக்கியைத்தான் சிங்கத்துக்காக எடுத்துப் போனார். அவர் மகன் கெர்மிட்டும் இதையே வைத்திருந்தார். உலகப் புகழ் கிடைத்துவிட்டது. அந்தப் புகழோடு கூடவே, 'ஆளைக் கவிழ்க்கும் உதை' என்ற கெட்ட பெயரும் சேர்ந்தே வந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். 1860-லிருந்து 1904-க்குள் உதை பத்து மடங்கு ஏறிவிட்டது. மனிதனின் தோள் மாறவில்லை. ஆச்சரியம் என்னவென்றால் பின்பக்கத் தகடும் பெரும்பாலும் மாறவில்லை. 4 ஜூலுக்காகச் செய்த வடிவம் 40 ஜூலைத் தோளில் இறக்கிக் கொண்டிருந்தது. போதாக்குறைக்கு பழைய துப்பாக்கிகளில் கட்டை கீழ்நோக்கி அதிகம் சரிந்திருக்கும். குழல் ஒரு கோட்டிலும் தோள் அதற்குக் கீழேயும் இருப்பதால் சுட்டதும் துப்பாக்கி மேல்நோக்கி எகிறிக் கன்னத்திலும் ஒரு தட்டு தட்டும்.

உதை தோளோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் முனை அடுத்த தோட்டாவின் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். உதையில் வரிசை முழுவதும் குலுங்கும்போது கூர்முனைக் குண்டாக இருந்தால் முன்னால் இருப்பதன் பற்றவைக்கும் பொட்டைக் குத்தி வெடிக்க வைத்துவிடலாம். அதனால்தான் லீவர் துப்பாக்கிக் குண்டுகள் நூறு வருடத்துக்கும் மேலாகத் தட்டை மூக்கோடு இருந்தன. இந்த நூற்றாண்டில்தான் ஹார்னடி நிறுவனம் மிருதுவான பாலிமர் முனை வைத்து, கூராகவும் ஆபத்தில்லாமலும் ஒரு குண்டைக் கொண்டுவந்தது. அங்கேயும் தீர்வு என்ன பாருங்கள், நடுவில் ஒரு மெத்தை!

ரப்பர் வந்த கதை

சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்து ரப்பரைப் பதப்படுத்தும் முறைக்கு 1844-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வெயிலில் உருகாத, குளிரில் நொறுங்காத ரப்பர் அதன் பிறகுதான் கைக்கு வந்தது. துப்பாக்கியின் பின்னால் அதை ஒட்டலாம் என்ற யோசனையில் முந்திக்கொண்டவர்கள் ஆங்கிலேயர்கள். லண்டனின் எஸ்.டபிள்யூ. சில்வர் நிறுவனம் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'சில்வர் பேட்' என்று பெயர் வாங்கிய சிவப்பு ரப்பர் மெத்தையைச் செய்தது. கிழக்கு லண்டனில் அவர்களுடைய ரப்பர் தொழிற்சாலை இருந்த பகுதிக்கு இன்றைக்கும் சில்வர்டவுன் என்றுதான் பெயர். ஊர்ப் பெயரில் வெள்ளி, உள்ளே ரப்பர்! யானை, காட்டெருமை சுடும் பிரிட்டிஷ் இரட்டைக்குழல் துப்பாக்கிகளின் பின்னால் சிவப்பு ரப்பர் மெத்தை ஒட்டியிருப்பது வழக்கமாகிவிட்டது.

அந்த ரப்பர் எங்கிருந்து வந்தது என்று தேடியபோதுதான் எதிர்பாராத ஒரு கதவு திறந்தது. ஆரம்பத்தில் எல்லாம் அமேசான் காட்டு ரப்பர். 1876-ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி அதே வருடம் இலங்கைக்கு வந்தது. அங்கிருந்து மலாயா. பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. கங்காணி கூட்டிப்போன நம் சனங்கள் விடியற்காலை இருட்டில் பால்வெட்டுக் கத்தியோடு ரப்பர் காட்டுக்குள் நடந்தார்கள். 1920-களில் உலக ரப்பரில் பெரும்பகுதி தென்கிழக்கு ஆசியத் தோட்டங்களிலிருந்து போனது. அதை அதிகம் வாங்கியது அமெரிக்கா. ஏறக்குறைய எல்லாமே கார் டயருக்குத்தான். ஆனால் அந்தக் கப்பல்களில் போனதில் ஒரு கைப்பிடி அமெரிக்க வேட்டைக்காரனின் தோளுக்கும் போயிருக்கும் அல்லவா? அவன் தோள் நோகாமல் இருக்க இங்கே யாருடைய தோளோ பால் வாளி சுமந்து நொந்திருக்கிறது. 1942-ல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 90 சதவிகிதம் நின்றுபோனது. செயற்கை ரப்பர் ஆராய்ச்சி அசுர வேகம் எடுத்ததும் அதனால்தான்.

அமெரிக்காவில் சிகாகோவின் ஜோஸ்டம், லாஸ் ஏஞ்சல்ஸின் பேக்மேயர் போன்ற நிறுவனங்கள் பேட்களைச் செய்து விற்றன. ஜோஸ்டம் தன்னுடையதை 'வெட்டி இழுக்காமல் இருக்கச் செய்யும் பேட்' என்ற அர்த்தம் வரும் பெயரில் விற்றது. பிரச்சினை வலி மட்டுமல்ல, வலியின் பயம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பழைய பேட்களின் பக்கவாட்டில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அழகுக்காக என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. கட்டி ரப்பரை அமுக்கினால் அதன் கன அளவு குறையாது. அது பக்கவாட்டில் பிதுங்க இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் ரப்பரும் கல்லும் ஒன்றுதான். அந்தத் துளைகள்தான் இடம். பிற்காலத்து பேக்மேயர் டெசிலரேட்டர், லிம்ப்சேவர் போன்றவை உள்ளுக்குள்ளேயே குழிகளும் வேறு வகை மிருதுவான கலவைகளும் வைத்து இதே வேலையை இன்னும் நன்றாகச் செய்கின்றன.

லீவர் துப்பாக்கிக்கு ஏன் இவ்வளவு தாமதம்?

ரப்பரும் இருந்தது, வலியும் இருந்தது. ஆனாலும் லீவர் துப்பாக்கிக்கு இரும்புத் தகடே நீண்ட காலம் தொடர்ந்தது. எனக்குத் தோன்றும் காரணங்கள் மூன்று.

ஒன்று, தகட்டின் வேலை தோளைக் காப்பதே அல்ல, மரத்தைக் காப்பது. கட்டையின் வெட்டுமுகம் ஈரம் குடிக்கும், பிளக்கும். குதிரைச் சேணத்தில் தோலுறைக்குள் சொருகி, தரையில் ஊன்றி, வண்டியில் போட்டு அடிபடும் துப்பாக்கிக்கு இரும்புதான் தாங்கும். ரப்பர் உறையிலும் சட்டையிலும் ஒட்டும், வழுக்கிக்கொண்டு வராது. வருடங்கள் போனால் காய்ந்து, வெடித்து, கல்லாகிவிடும். 130 வருட இரும்புத் தகடு இன்றைக்கும் பளபளக்கிறது. 40 வருட ரப்பர் பேட் கையில் உதிர்கிறது.

இரண்டு, பெரும்பாலானவர்கள் சுட்டது .30-30 தான். வின்செஸ்டர் 94 மட்டும் 70 லட்சத்துக்கும் மேல் விற்றது. மான் பருவத்தில் தடித்த கம்பளிச் சட்டைக்கு மேல் வைத்து ஒன்றோ இரண்டோ சுடுகிறவனுக்கு 15 ஜூல் ஒரு பொருட்டில்லை.

மூன்று, வீம்பு. இதற்கு விளக்கம் தேவையில்லை. நம் ஊரில் ஹெல்மெட் போடாததற்குச் சொல்லும் காரணங்களை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிலைமை மாறியது 1960-களில். மார்லின் நிறுவனம் .444 என்ற புதிய பெரிய தோட்டாவோடு 1964-65-ல் கொண்டுவந்த லீவர் துப்பாக்கியில் தொழிற்சாலையிலேயே ரப்பர் பேட் பொருத்தி வந்தது. 1972-ல் மார்லின் .45-70 தோட்டாவுக்கு மறுபடி உயிர் கொடுத்தது. 1998-ல் அதையே 18.5 அங்குலக் குட்டைக் குழலோடு, கரடிக் காட்டில் வழிகாட்டிகள் சுமப்பதற்கென்று வெளியிட்டபோது பேட் கட்டாயமாகிவிட்டது. இன்றைய வீரியமான .45-70 தோட்டாவை 3.2 கிலோ துப்பாக்கியில் சுட்டால் கணக்கு 55 ஜூலைத் தாண்டுகிறது. ரூஸ்வெல்ட் இருந்திருந்தால் அவரே பேட் கேட்டிருப்பார். 2020-ல் மார்லினை வாங்கிய ரூகர் நிறுவனமும் தன் .45-70 துப்பாக்கிகளை ரப்பர் பேட் இல்லாமல் அனுப்புவதில்லை.

பொருத்துவது என்றால் என்ன?

சித்தப்பாவின் நண்பருக்கு வருவோம். ரப்பர் பேட் ஒட்டுவது என்றால் சைக்கிள் சீட்டுக்கு உறை போடுகிற மாதிரி என்று நினைத்திருந்தேன். அவ்வளவு சுலபமில்லை.

விசையிலிருந்து கட்டையின் பின்பக்கம் வரை உள்ள நீளம்தான் ஒரு துப்பாக்கி ஒருவருக்குப் பொருந்துமா என்பதைச் சொல்லும் அளவு. லீவர் துப்பாக்கிகளில் இது வழக்கமாக 13 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அதில் ஓர் அங்குல பேட் சேர்த்தால் நீளம் ஓர் அங்குலம் கூடிவிடும். பெரியவர்களே எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதனால் பேட் எவ்வளவு தடிமனோ அவ்வளவு மரத்தை அறுக்க வேண்டும். பிறைத்தகடு இருந்த கட்டையாக இருந்தால் கஷ்டம் இன்னும் அதிகம். இரண்டு முனைகளையும் சீவித் தட்டையாக்கினால்தான் பேட் உட்காரும்.

அறுக்கும் இடத்தில் மரம் சிலாம்பு பெயராமல் இருக்க டேப் சுற்றி, நுண்பல் ரம்பத்தால் அறுக்க வேண்டும். கோணம் ஒரு டிகிரி பிசகினாலும் துப்பாக்கி மேலேயோ கீழேயோ பார்க்கும். பேட்டின் முகத்தில் திருகாணிக்காகச் சின்னக் கீறல் விட்டு, சோப்புத் தடவிய திருப்புளியை அதற்குள் விட்டு முடுக்குவார்கள். வெளியே எடுத்ததும் ரப்பர் மூடிக்கொள்ளும், தடமே தெரியாது. கடைசியாகப் பேட்டின் ஓரங்களை மரத்தின் கோட்டோடு கோடாக வரும்வரை தேய்க்க வேண்டும். நல்ல கைவினைஞர் செய்தால் மரமும் ரப்பரும் சேரும் இடத்தில் நகம் தட்டாது.

அறுக்காமலே முடிக்கவும் வழி உண்டு. காலுறை மாதிரி மாட்டும் ரப்பர் உறை, கயிறு கட்டும் தோல் உறை எல்லாம் கிடைக்கின்றன. மரத்துக்குச் சேதமில்லை. ஆனால் நீளம் கூடும். நெடுநெடுவென்று வளர்ந்தவருக்குச் சரி. பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு? அவளுக்கு ஏற்கெனவே கட்டை நீளம். உறை மாட்டினால் கை எட்டாமல் துப்பாக்கியைத் தோள் குழியிலிருந்து விலக்கிப் பிடிப்பாள். விலகி நிற்கும் துப்பாக்கி ஓங்கி அடிக்கும். வலியைக் குறைக்கப் போட்ட மெத்தையே வலியைக் கூட்டிவிடும்.

அறுக்கலாமா, கூடாதா?

பழைய துப்பாக்கி சேகரிப்பவர்களைக் கேட்டால் ஒரே பதில்தான், ரம்பத்தை எடுக்காதே. 1964-க்கு முந்தைய வின்செஸ்டர்களுக்கு அவர்களிடம் தனி மரியாதை. அந்த வருடம் செலவைக் குறைக்க நிறுவனம் தயாரிப்பு முறைகளை மாற்றியதிலிருந்து வந்த மரியாதை அது. அறுத்த மரத்தை மறுபடி ஒட்ட முடியாது. விலையும் இறங்கும்.

எதிர்க்கட்சியின் வாதமும் லேசானதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுடுபவள் குறி தவறுவாள். காகிதத்தில் தவறினால் ஒன்றுமில்லை. மானின் வயிற்றிலோ தொடையிலோ பட்டால் அது காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் சாகும். வேட்டைக்காரர்களே பாவம் என்று நினைக்கும் காரியம் அது. ஒரு பிராணியின் வேதனையைவிடத் தாத்தாவின் மரக்கட்டை பெரிதா?

இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் பாட்டியின் கால் தையல் மிஷின் ஒன்று உண்டு. பாட்டிக்கு மூட்டு வலி வந்ததும் அதில் மோட்டார் மாட்டினோம். பலகையில் இரண்டு துளை போட வேண்டியிருந்தது. பாட்டி அதற்குப் பிறகும் ஆறு வருடம் தைத்தார். அந்தத் துளைகளைப் பார்த்து யாரும் வருத்தப்பட்டதில்லை. பயன்படும் பொருளில் விழும் தழும்பும் அதன் வரலாறுதானே? ஆனால் பாட்டி மிஷின் மாதிரி இலட்சக்கணக்கில் இருப்பதற்கும், அந்தக் குடும்பத்தில் தாத்தாவின் கைத்தடம் பட்ட ஒரே மரம் இதுதான் என்பதற்கும் வித்தியாசம் உண்டு.

கடைசியில் வழி துப்பாக்கியின் அமைப்பிலேயே இருந்தது. வின்செஸ்டர் 94-ன் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பது மேல்பக்கம் இருக்கும் ஒரே ஒரு திருகாணி. அதைக் கழற்றினால் கட்டை பின்னால் வந்துவிடும். அந்தத் துப்பாக்கிக்குப் பழைய கட்டைகளும் புதிதாகச் செதுக்கிய கட்டைகளும் தனியாக விலைக்குக் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி, அவள் கைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அறுத்து, ரப்பர் பேட் வைத்து மாட்டிவிட வேண்டியது. தாத்தாவின் கட்டை, இரும்புத் தகடு, திருகாணி எல்லாவற்றையும் துணியில் சுற்றி அலமாரியில் வைக்க வேண்டியது. கூடவே, முதல் சில மாதங்களுக்கு வீரியம் குறைந்த தோட்டா.

இதைத்தான் சித்தப்பாவிடம் சொன்னேன். அந்த நண்பரும் கிட்டத்தட்ட அதே முடிவுக்கு வந்திருந்தாராம். போன வாரம் புதுக் கட்டை மாட்டியாகிவிட்டது. மகள் பத்து ரவுண்டு சுட்டாளாம். முதல் மூன்றுக்குப் பழக்கதோஷத்தில் கண்ணை மூடினாள். நாலாவதிலிருந்து மூடவில்லை.

அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன்னையறியாமல் வலது தோளைத் தடவிக்கொண்டே, "எங்களுக்கெல்லாம் யார்டா ரப்பர் வெச்சா?" என்றார்.